பஸ் எங்க நிக்குது? குச்சவெளி ரோட்டுக்கு எந்த அப் நல்லம்?

ஒவ்வொரு செமஸ்டர் தொடங்கும்போதும் எங்கட வட்ஸ்அப் குரூப்பில ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மச்சான், பஸ் எங்க வருதெண்டு காட்டுற நல்ல அப் ஏதும் இருக்கா?" கேட்கிறவர் அனேகமாக முதலாம் வருடம். பதில் சொல்கிறவர்கள் நாலு பேர், சொல்லும் பெயர்களும் நாலு. அதோட கதை முடிஞ்சிடும். பிறகு எல்லாரும் வழமைபோல ஹோல்டில நின்று, தூரத்தில ஏதும் சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த முறை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்தோம். குச்சவெளி, கும்புறுப்பிட்டி, இறக்கக்கண்டி, திரியாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள். சிலர் வந்தாறுமூலையில் கலைப்பீடம், சிலர் கோணேசபுரி வளாகம், சிலர் விடிய எழும்பி டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள். எல்லாருக்கும் ஒரே ரோட்டுத்தான். ஆங்கிலத்தில் வருகிற "சிறந்த 10 பயணச் செயலிகள்" கட்டுரைகளில் சொல்லப்படுகிறவற்றை எங்கட ரோட்டில வைத்துப் பார்த்தோம். எங்கட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இன்றைக்கு இந்த ரோட்டுக்கு "நேரலை" என்று சொல்லத் தகுந்த அப் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதுக்காக அப்பே வேண்டாம் என்று சொல்லவும் நாங்கள் தயாரில்லை. ஒரு அப்புக்குத் தேவையான சாமான்களில் பாதியை நாங்களே சேர்க்கலாம், மற்றப் பாதியைக் கேட்டு வாங்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கு.

ஏன் எங்களுக்குத்தான் கூடத் தேவை

நேரலைத் தகவல் எல்லாம் கொழும்புக்காரருக்குத்தான், கிராமத்து ரோட்டுக்கு என்னத்துக்கு என்று சிலர் கேட்கிறார்கள். உண்மை நேர்மாறு. காலி வீதியில ஒரு பஸ்ஸை விட்டால் கொஞ்ச நேரத்தில அடுத்தது வந்துவிடும். அங்க அப் பார்க்காமலே சீவிக்கலாம். திருகோணமலை டவுனில இருந்து உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி தாண்டி 30 கிலோமீற்றருக்கு மேல் வந்தால்தான் குச்சவெளி. ரோட்டு இன்னும் திரியாய், புல்மோட்டை என்று வடக்கே போகிறது. டவுனை விட்டு விலக விலக பஸ்ஸும் குறைந்துகொண்டே போகும். நிலாவெளிக்காரருக்குப் பஸ் விட்டுப்போவது எரிச்சல். எங்களுக்கு அது ஒரு லெக்சர், ஒரு நாள் கூலி, ஆஸ்பத்திரியில கிளினிக் நம்பர். வரவு 80 சதவீதம் இல்லாட்டி பரீட்சைக்கு இருக்க ஏலாது என்கிற இடத்தில "பஸ் வரேல்ல சேர்" என்பது ஒரு காரணமாகவே எடுபடாது.

காத்திருப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்காவின் சியாட்டிலில், வொஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2008இல் தொடங்கிய 'வன்பஸ்அவே' என்ற நேரலைச் சேவையைப் பற்றி 2011இல் ஒரு ஆய்வு வந்தது. கையில் தகவல் இல்லாமல் நின்ற பயணிகளுக்கு, உண்மையில் நின்ற நேரத்தைவிடக் கூட நேரம் நின்றதுபோலத் தோன்றியது. தகவல் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் உண்மையில் காத்து நின்றதும் குறைவு, ஏனென்றால் பஸ் கிட்ட வரும்போதுதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டார்கள். எங்கட வெயிலுக்கும் மாரி மழைக்கும் நிழல் இல்லாத ஹோல்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ.

அப்புக்குள்ள என்ன இருக்கு?

அப் என்பது ஒரு கண்ணாடி மாதிரி. முன்னுக்கு ஒன்றும் இல்லாட்டி கண்ணாடியில ஒன்றும் தெரியாது. இந்த விசயம் விளங்கினால் "எது நல்லம்" என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து, பஸ் நேர அட்டவணையைக் கணினிக்கு விளங்கும்படி எழுத ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிற ஜிடிஎஃப்எஸ். பெயரைக் கேட்டால் பெரிய ஏதோ மாதிரி இருக்கும். திறந்து பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புகள் சிலதுதான்: எந்தெந்த நிறுத்தங்கள், எந்தெந்த வழித்தடங்கள், எந்தப் பயணம் எந்த நிறுத்தத்தில எத்தனை மணிக்கு. எக்ஸெல் தெரிந்த ஒரு ஆள் இருந்து செய்யலாம். 2011இல் இதுக்கு மேல நேரலைப் பகுதி வந்தது. பஸ்ஸில இருக்கிற ஜிபிஎஸ் கருவி தன்ர இடத்தைச் சொல்லும். அதை அட்டவணையோட ஒப்பிட்டு "இன்னும் 9 நிமிடம்" என்று கணக்குப் பார்ப்பார்கள்.

கூகுள் மப், மூவிட், சிற்றிமப்பர், ட்ரான்சிட் எல்லாம் இந்த அரிசியில சமைக்கிற வேறவேற சமையல்காரர்தான். லண்டனில சிற்றிமப்பர் நல்லா வேலை செய்வதற்கு முதற் காரணம், லண்டன் போக்குவரத்து நிர்வாகம் தன்ர தரவுகளை யாரும் எடுத்துப் பாவிக்கத் திறந்துவிட்டதுதான். எங்கட பானையில அரிசியே போடவில்லை. பிறகு சமையல்காரரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? நாங்கள் சோதித்த ஒரு அப், குச்சவெளியில இருந்து டவுனுக்குப் பொதுப் போக்குவரத்தில போக வழி கேட்டபோது, நடந்து போனால் ஏழு மணித்தியாலம் என்று காட்டியது. சிரிப்பு வந்தாலும் அதில ஒரு நேர்மை இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியது. இன்னொன்று ஒரு நேரத்தைக் காட்டியது, அந்த நேரத்தில எந்தப் பஸ்ஸும் வரவில்லை. முதலாவதைவிட இது ஆபத்தானது.

எடுக்க முதல் பார்க்கவேண்டியவை

அப்போ ஒரு அப்பை எப்படித் தெரிவு செய்வது? எங்கட ரோட்டை மனதில் வைத்து நாங்கள் போட்ட சோதனைகள் இவை.

முதலாவது, காட்டுகிற நேரம் உண்மையில் நேரலையா, அட்டவணை நேரமா? பல அப்கள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் காட்டும். நேரலை என்றால் பக்கத்தில ஒரு அலைக்குறியோ வேற நிறமோ இருக்கும். அது இல்லாட்டி நீங்கள் பார்ப்பது சுவரில ஒட்டின பேப்பரின் டிஜிட்டல் வடிவம்தான். அதையும் பாவிக்கலாம், ஆனால் அதை நம்பிக் கடைசிப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்.

இரண்டாவது, தமிழில தேடினால் இடம் வருமா? 'புல்மோட்டை' என்று அடியுங்கோ. 'கும்புறுப்பிட்டி' என்று அடியுங்கோ. ஆங்கிலத்தில எங்கட ஊர்ப் பெயர்களுக்கு ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். பலகைக்குப் பலகை மாறும். அதில எது அப்புக்குத் தெரியும் என்று நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கு. அதோட எங்கட ஆட்கள் நிறுத்தத்துக்குச் சொல்லுகிற பெயர் வேற: ஆறாம் கட்டை, மூன்றாம் கட்டை என்று கட்டைக் கணக்கு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி. பஸ் தகவல் தமிழில இருக்க வேண்டும் என்பது நாங்கள் கேட்கிற சலுகை இல்ல.

மூன்றாவது, டேட்டா இல்லாமல் வேலை செய்யுமா? ரீலோட் முடிந்த நாளிலதான் பஸ்ஸும் பிந்தும், அது ஒரு விதி. இந்தியாவில் 'வேர் இஸ் மை ட்ரெயின்' என்று ஒரு அப். ரயிலுக்குள்ள இருக்கிறவருக்கு இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாமல், கைபேசிக் கோபுரங்களின் சிக்னலை வைத்தே ரயில் எங்க நிற்குது என்று சொல்லும். அதைச் செய்த சின்ன நிறுவனத்தை 2018இல் கூகுள் வாங்கியது. சிக்னல் குறைந்த இடத்தையும் காசு குறைந்த ஆளையும் நினைத்துச் செய்த அப் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். பட்டன் போன் வைத்திருக்கிற எங்கட அம்மம்மாருக்கு எஸ்எம்எஸ்ஸில பதில் வருமென்றால் இன்னும் நல்லம்.

நாலாவது, அது எங்களிட்ட இருந்து என்ன எடுக்கிறது? இலவசம் என்கிற அப்புக்கு நாங்கள் கொடுக்கிற விலை, ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எங்கிருந்து எங்க போகிறோம் என்கிற தகவல். 2020இல் மூவிட்டை இன்ரெல் நிறுவனம் சுமார் 90 கோடி டொலருக்கு வாங்கியது. பயணத் தகவலுக்கு என்ன பெறுமதி என்று அதிலேயே தெரியும். இந்த மாகாணத்தில ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் "எங்க போறாய், எங்க இருந்து வாறாய்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அதே கேள்விக்கு யோசிக்காமல் 'அனுமதி' என்று அழுத்துவது எங்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கு. நாட்டில தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஆனால் போனில கைவைப்பது நாங்கள்தான். பாவிக்கும்போது மட்டும் இருப்பிடம் காட்ட அனுமதியுங்கோ, எப்போதும் என்பதைத் தொடாதேங்கோ.

கொண்டக்டரின்ர நம்பர்

இப்போதைக்கு எங்கட ரோட்டில வேலை செய்கிற ஒரே நேரலைச் சேவை வட்ஸ்அப்தான். "இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியாச்சு" என்று பஸ்ஸில இருக்கிற ஒருத்தர் போடுவார். கும்புறுப்பிட்டியில நிற்கிறவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். இது ஒரு நல்ல ஏற்பாடு. காசில்லை, தமிழில இருக்கு, பொய் சொல்லாது. இதைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

மற்ற வழி, கொண்டக்டரின்ர நம்பரை எடுத்து வைத்திருப்பது. "அண்ணா எங்க வாறீங்க?" "நானா, இண்டைக்குப் பஸ் இருக்கா?" ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. பஸ் எங்க நிற்குது என்று தெரிந்துகொள்ள, முன்பின் தெரியாத ஒரு ஆளிட்ட தன்ர நம்பரைக் கொடுக்க வேண்டும். கன கொண்டக்டர்மார் மரியாதையாகத்தான் கதைப்பார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு "சாப்பிட்டீங்களா" என்று மெசேஜ் வந்த தங்கச்சிமார் எங்கட குரூப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் நம்பரை மாற்றினார்கள். ஒருத்தி பஸ்ஸையே மாற்றினாள், அதனால ஒவ்வொரு நாளும் பிந்திப்போகிறாள்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் 2015இல் செய்த ஆய்வில், பொதுப் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிசின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டும். இந்த நாட்டில பஸ்ஸுக்காகக் காத்து நிற்பதே ஒரு பெண்ணுக்குக் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை. அதனாலதான், யாரிட்டயும் நம்பர் கொடுக்காமல், யாரோடயும் கதைக்காமல், பஸ் எங்க என்று அறிய முடிவதை நாங்கள் ஒரு வசதி என்று சொல்ல மாட்டோம். பின்னேர லெக்சர் இருக்கிற பாடத்தை எடுக்க விடுவதா என்று வீட்டில நடக்கிற வாக்குவாதத்தில, "கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, நிச்சயமா வருமா?" என்பதுதான் அம்மா கேட்கிற முதல் கேள்வி. அதுக்குப் பதில் இல்லாட்டி பாடத்தை விடுகிறது பிள்ளைதான்.

"முதல்ல பஸ்ஸை விடச் சொல்லுங்கோ"

இதைக் கதைத்தபோது எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு வந்தது. பஸ்ஸே இல்லாத ரோட்டுக்கு அப் என்னத்துக்கு? இருக்கிற பஸ்ஸும் டவுனில இருந்து ஆமை மாதிரி ஊர்ந்து ஆள் ஏற்றும், பின்னால அடுத்த பஸ் வந்ததும் பறக்கும். அப் வந்தால் இது மாறுமா?

நியாயமான கேள்வி. எந்த அப்பும் ஒரு பஸ்ஸைப் பெற்றுப் போடாது. ஆனால் "பஸ் காணாது" என்று நாங்கள் சொல்லும்போது "எத்தனை ஓடுது, எத்தனை ஓட வேணும்?" என்று திருப்பிக் கேட்டால் எங்களிட்ட பதில் இருக்க வேண்டும். நேர அட்டவணை வெளியில இல்லாத இடத்தில, வராத பஸ்ஸை வரவில்லை என்று நிரூபிக்கவே ஏலாது. நேரம் தெரிந்தால்தான் பிந்தியது தெரியும்.

இதில தொழில் செய்கிறவர்களின் பக்கமும் இருக்கு. 1958 சனவரி 1இல் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. 1979க்குப் பிறகு தனியார் பஸ்களும் ஓடத் தொடங்கின. அன்றிலிருந்து ஒரே ரோட்டில இரண்டு பேர், ஒரே பயணிக்குப் போட்டி. 2025இல் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்ததும் தனியாரோடு கூட்டு நேர அட்டவணை என்ற விசயத்திலதான். ஜிபிஎஸ் பூட்டினால் தன்னை உளவு பார்க்கத்தான் என்று டிரைவர் நினைத்தால் அதில பிழை சொல்ல ஏலாது. அன்றைய வசூலை நம்பி ஓடுகிறவரைக் கூப்பிட்டுக் கதைக்காமல் கொண்டுவருகிற எந்த அப்பும் ஒரு மாசத்தில செத்துப்போகும்.

"இந்த நாட்டில இதெல்லாம் நடக்காது" என்கிறவர்களுக்கும் ஒன்று. 2022 யூலையில், பெற்றோல் வரிசை நாட்டையே நிறுத்தியிருந்த நேரத்தில, கியூஆர் அட்டை முறை வந்தது. குச்சவெளியில மீன் ஏற்றுகிற லொறிக்காரர் வரைக்கும் அதைப் பாவித்தார்கள். வேண்டும் என்றால் செய்ய முடிகிறது.

மற்ற இடங்களில எப்படிச் செய்தார்கள்

எங்களுக்குக் கிட்டவான உதாரணம் லண்டன் இல்லை, நைரோபி. கென்யத் தலைநகரில ஓடுகிற 'மடாட்டு' என்கிற தனியார் வான்களுக்குப் பொதுவில் ஒரு வரைபடமும் இல்லாமல் இருந்தது. நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களோட சேர்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வான்களில ஏறி ஏறி நிறுத்தங்களைப் பதிந்தார்கள். 2014இல் 130க்கு மேற்பட்ட வழித்தடங்களோட வரைபடம் வெளிவந்தது. அடுத்த வருடம் அதே தரவு கூகுள் மப்பிலும் வந்தது. நேரம் சரியாகச் சொல்ல ஏலாத இடத்தில "இத்தனை நிமிடத்துக்கு ஒன்று" என்று எழுதவும் அந்த வடிவத்தில இடம் இருக்கு.

இந்தியாவில் டெல்லி அரசு 2018இல் தன் பஸ்களின் நேரலைத் தரவை யாரும் எடுத்துப் பாவிக்கத் திறந்தது. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022இல் தன் பஸ்களைப் பின்தொடர ஒரு செயலியை வெளியிட்டது. இரண்டில் டெல்லியின் வழிதான் எங்களுக்குப் பிடித்தது. அரசாங்கமே ஒரு அப் செய்து அதைப் பூட்டி வைப்பதைவிட, தரவைத் திறந்துவிட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்வார்கள், அதில ஒருத்தராவது தமிழில செய்வார்.

நாங்கள் செய்யப்போவது

எங்கட ரோட்டுக்கும் ஒரு தரவுத்தளம் இருக்கு. டவுன் பஸ் ஸ்டாண்டில டைம் கீப்பரின்ர கொப்பி. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று அதில கையால எழுதியிருக்கும். அதை வெளியில கொண்டுவருவதுதான் வேலை.

அதுக்கு வழியும் இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பொது அதிகார சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழில எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாகாணத்துக்குள்ள ஓடுகிற தனியார் பஸ்ஸின் அனுமதி கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. கொழும்பு மாதிரி மாகாணம் தாண்டிப் போகிற பஸ்ஸுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்புப் பஸ்ஸுக்கு இ.போ.ச. மூன்று இடத்துக்கும் மூன்று கடிதம், ஒரே கேள்வி: திருகோணமலை – குச்சவெளி – புல்மோட்டை வீதியில ஓட அனுமதிக்கப்பட்ட பஸ்களின் நேர அட்டவணையின் பிரதி. மாதிரிக் கடிதம் எழுதியாச்சு. கையெழுத்துப் போட ஆட்கள் தேவை.

இரண்டாவது வேலை பஸ்ஸுக்குள்ள. இரண்டு கிழமைக்கு, போகிற வருகிற ஒவ்வொரு பயணத்திலும் ஏறிய நேரம், ஏறிய இடம், இறங்கிய நேரம், இறங்கிய இடம். வேற ஒன்றும் வேண்டாம், பெயரும் வேண்டாம். அதோட ஒவ்வொரு ஹோல்டையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில பதிவோம். 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம், ஒரு இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் போடலாம். 'ஆறாம் கட்டை' என்பதை அதுக்குத் தெரியப்படுத்துகிற வேலை எங்கட தலையிலதான்.

மூன்றாவது, வருகிறதை முதலில பேப்பரில அச்சடித்து ஹோல்டில ஒட்டுவோம், மூன்று மொழியிலும். அப் பிறகு வரட்டும். போன் இல்லாத ஆளுக்கும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும்.

அதுவரைக்கும் எந்த அப் நல்லம் என்று கேட்டால்: டேட்டா இல்லாமல் பார்க்கக்கூடிய ஒரு வரைபடத்தைப் போனில இறக்கி வையுங்கோ, வட்ஸ்அப் குரூப்பில இருங்கோ, நேரலைக்குறி இல்லாத எந்த நேரத்தையும் நம்பாதேங்கோ. பஸ்ஸில இருக்கிற ஆள் பாலம் தாண்டினதும் ஒரு மெசேஜ் போடுங்கோ. அடுத்த ஹோல்டில ஒரு தங்கச்சி தனிய நிற்கிறாள்.